கமலம் அண்ணி சொன்ன சாவுச் செய்தி

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்த மாதிரி வந்தது. மருமகள் முகத்தைச் சுளித்து, இதை யார் குடிப்பது, கேன் தண்ணீருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் ஒரு சொம்பில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். புதுவெள்ளத்தின் வாசனை. ஈர வண்டலும், அழுகின வாழைச்சருகும், எங்கோ மேற்கே கரை இடிந்து விழுந்த மண்ணும் கலந்த வாசனை. காவேரித் தாயாயிற்றே, கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

கலங்கல் தண்ணீருக்கு அந்தக் காலத்தில் கேன் ஏது. தேற்றாங்கொட்டைதான். மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நாலு இழை இழைத்துத் தண்ணீரை ஊற்றி வைத்தால், விடிவதற்குள் மண்ணெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு இது தெரியக் காரணம், நான் அதை விற்றவன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோன என்னை, ஐம்பதுகளில் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை. உடம்பெல்லாம் வசம்பும் சுக்கும் ஓமமும் ஊறிப்போய்விடும். சாயங்காலம் சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவர் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு வயதான அம்மாள், "தம்பி, பிள்ளை பெத்த வீட்டுலேர்ந்து வரீங்களா?" என்று விசாரித்தாள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்தால் ஊர் முழுக்க வந்து போகும். உறையூர் நெசவுக்காரர்கள் தலைமயிரில் பஞ்சுத் தூசியோடு வந்து இருமலுக்கு அதிமதுரம் கேட்பார்கள். பொன்மலையிலிருந்து ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து, கிராம்பை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து வாங்குவாள். பாலக்கரை பாய் ஒருவர் வெட்டிவேர் வாங்க வந்தால் முதலாளிக்கும் அவருக்கும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். எடமலைப்பட்டி புதூர்க்காரர்கள் மாட்டுக்கு மருந்து கேட்டு வந்து, அப்படியே தங்கள் முழங்கால் வலிக்கும் வாங்கிப் போவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கு வரப்போகிற கெட்டது மருந்துக் கடைக்கு முதலில் தெரிந்துவிடும். வேப்பிலைப் பொடியும் மஞ்சளும் அதிகமாக விற்றால் எங்கோ அம்மை இறங்கிவிட்டது என்று அர்த்தம். தேற்றாங்கொட்டை விற்கத் தொடங்கினால் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. அன்றைக்கு முதலாளி கடை சாத்தும்போது வடக்கே ஆற்றுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பயந்தவர் போடுகிற கும்பிடு அது.

நான் சொல்ல வந்தது அந்த மாதிரி ஒரு ஐப்பசி.

கல்யாணமான புதிது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் குடித்தனம் வைத்திருந்தோம். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்கட்டில் வீட்டுக்காரச் சுவாமி, நடுவில் நானும் என் மனைவி சரோஜாவும், பின்கட்டில் கோவிந்தராஜு அண்ணனும் கமலம் அண்ணியும். இவர்கள் உறவு கிடையாது. ஒரே கிணற்றில் இறைத்ததால் அண்ணன், அண்ணி ஆனவர்கள். அண்ணனுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சிரித்தால் எங்கள் அலமாரியில் டம்ளர் அதிரும். குழந்தை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் குழந்தை மாதிரி மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி பிறந்தால் அண்ணன் துளசி மாலை போட்டுக்கொள்வார். மாதம் முழுக்க விடியலில் காவேரி முழுக்கு, ஈரத்தோடு கோயில், பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு. ஒரு நாள் தவறக் கூடாது. அந்த மாதத்தில் ஸ்ரீரங்கத்துத் தெருக்கள் விடியலில் ஈரக்காலடியாகவே இருக்கும். யானை மேல் தங்கக் குடத்தில் பெருமாளுக்குத் தீர்த்தம் போகும்; ஜனங்கள் சுவரோடு ஒட்டி நின்று கை கூப்புவார்கள். நானும் போவேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் வெந்நீர் பக்தன்.

அந்த வருஷம் கமலம் அண்ணி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜோசியரிடம் அண்ணனின் ஜாதகத்தைக் காட்டிவிட்டு வந்தாள். ஏன் காட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புடவை எடுக்கப் போனவள், வழியில் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாளாம். அவர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, ஐப்பசி முடியும்வரை தண்ணீரில் கண்டம், ஆற்றுப் பக்கம் விடாதே என்றாராம். அன்று முதல் அவள் முகம் முகமாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். காதைப் பொத்திக்கொள்கிற நாகரிகம் எங்களுக்கும் இருந்ததில்லை.

"இந்த ஒரு வருஷம் கிணத்துல குளிங்களேன். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்."

"காவேரி என்னை என்ன பண்ணுவா கமலம்? எங்கம்மா மடியில கெடந்ததை விட அவ மடியில கெடந்ததுதான் ஜாஸ்தி."

"அவ மடியில கெடந்த பிள்ளைங்களை அவ அடிச்சிட்டுப் போனதே இல்லையா?"

மறுநாள் விடியலிலும் அண்ணன் ஆற்றுக்குத்தான் போனார்.

அண்ணி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். துண்டை ஒளித்து வைத்தாள். அவர் அவளுடைய பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தலைவலி என்று படுத்தாள். அவர் என்னிடம் நிலவேம்பு வாங்கிக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அவள் குடிக்கிறவரை நின்றுவிட்டு, ஆற்றுக்குப் போனார். அந்தக் கஷாயத்தின் கசப்புக்காக அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் தண்ணீர் ஏறியது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்துறையின் கீழ்ப்படிகள் காணாமல் போயின. நிறம் மாறியது. நடு ஆற்றில் வேரோடு ஒரு தென்னை, ஒரு கூரை, கயிறு கழுத்தில் கட்டியபடியே ஒரு கன்றுக்குட்டி போயிற்று. அதைப் பார்த்த சரோஜா அன்று சாப்பிடவில்லை. சத்தம்தான் மோசம். ஆறு கத்தவில்லை, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் இருந்தாலும் தரை வழியாக உள்ளங்காலில் தெரியும். தமுக்கு அடித்து, ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்கள். தீர்த்தம் எடுக்க வந்த யானை மேல்படியிலேயே நின்றுவிட்டது; பாகன் தட்டியும் ஒரு படி இறங்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அண்ணன் மட்டும், மேல்படியில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போடுவதற்கு என்ன, பாதியில் விட்டால் இத்தனை நாள் முழுகினதும் போயிற்று என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் துண்டோடு கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் முற்றத்தில் நின்றேன். வாசலுக்குப் போயிருந்த அண்ணி தயிர்ச்சொம்போடு உள்ளே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லால்குடி ரெங்கசாமி போயிட்டாராம். நேத்து சாயங்காலம். தயிர்க்காரி சொன்னா."

ரெங்கசாமி அண்ணனுக்குப் பங்காளி, சித்தப்பா மகன். ஏதோ ஒரு காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார் என்று தொடங்கி, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளி செத்தால் தீட்டு. தீட்டு வந்தால் மாலையைக் கழற்ற வேண்டும், கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, விரதம் அந்த வருஷத்துக்கு அத்தோடு சரி. இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அடடா என்று மட்டும் தோன்றியது.

கிணற்றடியில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தது. சாவு கேட்டால் தலைமுழுக வேண்டுமே, அதற்காக. அண்ணன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாளிகளையே பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு அப்படியே இறங்கி உட்கார்ந்தது. அழுதார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை; அண்ணி சுத்தமாக எதிர்பார்க்கவில்லை.

"கிணத்துத் தண்ணி போதாது கமலம்," என்றார். "அவனுக்கும் எனக்கும் நடுவுல இருந்ததெல்லாம் ஓடற தண்ணியிலதான் போகணும்."

அண்ணி குறுக்கே வந்து நின்று கையைப் பிடித்தாள். வேண்டாம், தீட்டோடு ஆற்றுக்குப் போகக் கூடாது என்று ஏதேதோ சொன்னாள். அவர் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் போனார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்புக்கூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினேன்.

அம்மா மண்டபம் படித்துறையில் மூங்கில் கட்டி, ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். சாவு முழுக்கு என்றதும் அவரும் ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் சங்கிலியைப் பிடித்தபடி இறங்கினார். நான் அவர் இடுப்புத் துண்டின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டேன். நான் இருந்த ஒல்லி உடம்புக்கு, ஆறு அவரை இழுத்திருந்தால் பொட்டலத்து நூல் மாதிரி நானும் கூடவே போயிருப்பேன். ரங்கநாதா, ரங்கநாதா என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. மூன்று முழுக்கு. ஒவ்வொரு தரமும் தலை மேலே வருகிறவரை எனக்கு மூச்சு இல்லை. எழுந்து வந்தார். ஒன்றும் ஆகவில்லை. வேட்டியைப் பிழிந்துகொண்டே, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் இப்படியே லால்குடிக்கு ரயில் பிடிக்கிறேன், பிணத்தை எடுப்பதற்குள் அவன் முகத்தையாவது பார்த்துவிடுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். அண்ணன் பத்திரம், லால்குடிக்குப் போயிருக்கிறார் என்று. அவள் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, ரெங்கசாமி சாகலை."

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவு மாலையோடு அண்ணன் போய் நிற்க, செத்தவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அண்ணி சிரிக்கவில்லை. ஒட்டு உறவில்லாத மனிதர், யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள், இவருக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது என்றுதான் அந்தப் பேரைச் சொன்னேன் என்றாள். சாமி விளக்கு எரிகிற விடிகாலையில், உயிரோடு இருக்கிறவரைப் போய்ச் சொல்லிவிட்டேனே என்றாள். நான் சமாதானமாக, பொய்யாகச் சாவு சொன்னால் ஆயுசு கெட்டி என்பார்கள் அண்ணி என்றேன்.

"யார் ஆயுசு?" என்றாள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். சந்து முனையிலேயே அண்ணன் சிரிப்பு கேட்டது. ரெங்கசாமி ஒல்லியாக, வெற்றிலைக் காவிப் பல்லோடு, அண்ணனில் பாதி இருந்தார். வாசல்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"அண்ணி, நான் செத்துட்டேனாமே. கருமாதிக்கு முன்னாடி ஒரு வாய் காபி கிடைக்குமா?"

வீடே சிரித்தது. அண்ணன் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், கோபிக்கவில்லை. இவ பொய் சொன்னாலும் சொன்னா, என் தம்பியைத் திருப்பிக் கொடுத்துட்டா என்று எல்லோரிடமும் சொன்னார். முன்கட்டுச் சுவாமியிடம் போய், இல்லாத தீட்டு தீட்டு ஆகுமா என்று கேட்டு, பேஷாகப் போட்டுக்கொள்ளும் ஓய் என்று அவர் சொன்னபிறகு மாலையை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அண்ணி பரிமாறினாள். ரெங்கசாமியின் முகத்தை அவள் ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சரோஜா பிறகு சொன்னாள்.

மறுநாள் விடியலில் தண்ணீர் இறங்கியிருந்தது. உறுமல் நின்றிருந்தது. வெள்ளம் ஏறும்போது எல்லோருக்கும் பயம் இருக்கும், இறங்கும்போது இருக்காது. இறங்குகிற தண்ணீர் படியெல்லாம் வண்டலைப் பூசிவிட்டுப் போகும். வெண்ணெய் மாதிரி இருக்கும் அது. ரெங்கசாமி, ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டு ஐப்பசி முழுக்கு இல்லாமல் போவதா என்று அண்ணனோடு கிளம்பினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அண்ணியின் குரல் கேட்டது. கெஞ்சினாள்.

"நேத்துதான் என்னைக் கொன்னீங்க அண்ணி," என்று சிரித்தார் அவர். "இன்னைக்கு வேற யாரைக் கொல்லப் போறீங்க?"

அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும். சொல்வதற்கு ஒரு பொய்கூட அவளிடம் மிச்சமில்லை. உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்.

நான் கடைக்குக் கிளம்பி பஸ் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் அம்மா மண்டபம் சாலையில் ஜனம் ஓடிற்று. நானும் ஓடினேன். மேல்படியில் கோவிந்தராஜு அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் மாதிரி.

"கையைப் பிடிச்சிட்டுத்தான் தம்பி இருந்தேன்," என்றார். "வழுக்கிடுச்சு. பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

கல்லணைப் பக்கம் ஒதுங்கியிருந்த ரெங்கசாமியின் உடலை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். அண்ணன் மாலையைக் கழற்றினார். இந்தத் தடவை அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அந்தப் பொய்யைப் பற்றி அவர் பிறகு எப்போதுமே பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி ஒரே ஒரு தரம் சரோஜாவிடம் சொல்லி அழுதாள். இவர் உயிருக்காகத்தான் பெருமாள் முன்னால் போய் நின்றேன், நின்றவள் இன்னொரு ஆளின் பேரை அங்கே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று. நான் கோயிலுக்குப் போனால் இன்றும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். பெருமாள் அப்படிப் பேரை மாற்றி எடுத்துக்கொள்கிறவர் இல்லை. அப்படி எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் நான் அவர் வாசலில் நிற்கமாட்டேன். ஆனால் கிணற்றடியில் அவள் "யார் ஆயுசு?" என்று கேட்டது காதில் விழாமல் இருந்திருந்தால் இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் அதன்பிறகு ஆற்றுக்குப் போகவில்லை. அடுத்த ஐப்பசிக்கு மாலையும் போடவில்லை. தினமும் காலையில் அண்ணி இரண்டு வாளி இறைத்து வைப்பாள். அவர் வந்து ஊற்றிக்கொள்வார். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் அலமாரி டம்ளர்கள் அப்புறம் அதிரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கமலம் அண்ணி யாரைப் பற்றியும் செத்தார், போனார், தவறிவிட்டார் என்று சொல்வதை விட்டுவிட்டாள். துக்கம் விசாரிக்கப் போவாள், அழுவாள், ஆனால் அந்தச் சொல் வாயில் வராது. தெருவில் யாராவது இறந்து, நாம் அவரைப் பற்றிக் கேட்டால், "அவங்க ஊர்ல இல்லை" என்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் நிஜமாகவே வெளியூர் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, எப்போது வருவார்கள் என்று கேட்டதுண்டு.

அறுபதுகளின் கடைசியில், அண்ணன் ரிட்டையராகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு அண்ணி எங்கள் நடையில் வந்து நின்றாள். தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, எப்போதும்போலத்தான் இருந்தாள். தம்பி, கொஞ்சம் வரீங்களா என்றாள். என்ன அண்ணி என்றேன்.

"குளிக்கக் கூப்பிட்டேன். ரொம்ப நேரமா கூப்பிடறேன். அவர் திரும்பியே பார்க்கலை."

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயந்தாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் சொல்லவில்லை. சரோஜாதான் வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. கிணற்றை மூடி அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். பெரிய கடை வீதியில் எங்கள் மருந்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அங்கே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் வாசனைதான் வருகிறது. பல வருஷம் ஐப்பசியில் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. படித்துறையில் குழாய் போட்டு, அதன்கீழ் வரிசையில் நின்று துலா ஸ்நானம் செய்கிறார்கள். தமுக்குச் சத்தம் கேட்டு நாளாயிற்று. பங்காளித் தீட்டுக்கு யாரும் ஆபீஸுக்கு லீவு போடுவதில்லை. சில வீடுகளில் பங்காளி யார் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. என் சரோஜாவும், பின்கட்டில் வாளி இறைத்த கமலம் அண்ணியும் ஊரில் இல்லை.